டெல்ஃபினுக்கும் சேர்த்து ஒரு ஜெபம்

ஆளைக் கூனிக் குறுக வைக்க டாக்டர் கிரேசியாவுக்கு ஒரே ஒரு சொல் போதும். “மெலிவு.” மரிவிக் எழுதிக்கொண்டுவந்து கொடுக்கும் பேட்டிகளின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் அதை எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். திட்டியிருந்தால்கூட மரிவிக்குக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

லவாக் பல்கலைக்கழகத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்த ஆய்வு, கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் மனைவிமாரைப் பற்றியது. உடல் கரை ஒதுங்கினால் அவள் விதவை. ஒதுங்காவிட்டால் அவள் யார்? அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்துவர வேண்டும். மரிவிக்கின் வேலை அதுதான். அதற்குப் பயிற்சியெல்லாம் கொடுத்திருந்தார்கள். கேள்வி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இரு. மௌனம் தாங்காமல் அவர்களே பேசுவார்கள். அவர்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லு. “அப்புறம்?” என்று கேள். தலையாட்டு.

இதெல்லாம் சபாங்கன் என்ற மீனவர் கரையில் நெனிதா என்ற பெண்ணிடம் பலிக்கவில்லை. இந்தப் பக்கத்து இலோகோஸ்காரர்கள் கஞ்சர்கள் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். காசு விஷயத்தில் அது அபாண்டம். பேச்சு விஷயத்தில் நெனிதா அந்தப் பெயரைக் காப்பாற்றினாள்.

“வீட்டுக்காரர் போனப்புறம் நாள் எப்படிப் போகுது, மனாங்?” என்று மரிவிக் கேட்டாள். நெனிதா அவளைவிட மூத்தவள், அதனால் மனாங்.

“போகுது, மேம்.”

“கஷ்டமா இருக்குமே?”

“பழகிப்போச்சு, மேம்.”

“கொஞ்சம் விரிவாச் சொல்லுங்களேன்.”

நெனிதா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விரிவாகச் சொன்னாள். “ரொம்பப் பழகிப்போச்சு, மேம்.”

மரிவிக் மௌனத்தைப் போட்டுப் பார்த்தாள். நெனிதா வியாபாரிக்காகப் பூண்டைத் தாளோடு பின்னிச் சரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மரிவிக் மௌனமாக இருக்க இருக்கச் சரம்தான் நீண்டதே தவிரப் பேச்சு நீளவில்லை. கடைசியில் மௌனம் தாங்காமல் வாயைத் திறந்தவள் மரிவிக்தான். அந்தப் பேட்டியும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

“நீ கதவைத் தட்டுறே. அவங்க ஜன்னல் வழியாவே பதில் சொல்லி அனுப்பிடறாங்க” என்றார் டாக்டர் கிரேசியா. “வெறுங்கையோட போனா யாரு உள்ள விடுவா? உன்னைப் பத்தியும் ஏதாவது கொஞ்சம் சொல்லு. நீயும் பட்டவன்னு தெரிஞ்சா அவங்க தானாப் பேசுவாங்க. இந்தத் தடவையும் இப்படியேதான்னா, ஒப்பந்தத்தை நீட்டிக்கறது எனக்குக் கஷ்டம் மரிவிக்.”

அறிவுரை நல்லதுதான். ஆனால் கொடுக்க மரிவிக்கிடம் என்ன இருந்தது? அம்மா பத்தாக் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்றுவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்குகிறவள். அப்பா சேவல் சண்டைக்குப் போகிறவர், தோற்றாலும் சிரித்துக்கொண்டு வருகிறவர். துக்கம் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் வீட்டில் ஒரு பூனைகூடச் செத்ததில்லை. மிஞ்சியது அண்ணன் டெல்ஃபின். துபாயில் ஏசி மெக்கானிக். அவனோடு மரிவிக் பேசி மாதக்கணக்காகியிருந்தது. கடைசியாகப் பேசியபோது, “அது என்னடி வேலை? மத்தவங்க அழுகையைப் புடிச்சு விக்கறதா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவள் போனைத் துண்டித்துவிட்டாள்.

அதனால் அடுத்த முறை நெனிதாவின் வீட்டுக்குப் போனபோது, மரிவிக் அவனைக் கொன்றாள்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதை மட்டும் அவளுக்காகச் சொல்லலாம், வேறொன்றும் சொல்வதற்கில்லை. நெனிதா வழக்கம்போல “பழகிப்போச்சு” என்றாள். மரிவிக்கின் வாய், கொஞ்சமும் கூசாமல், “எங்க அண்ணனும் இப்படித்தான் போனார் மனாங். சரக்குக் கப்பல்ல” என்றது.

நெனிதாவின் கை பூண்டின் மேல் நின்றது.

“உடம்பு?”

“கிடைக்கல.”

“அவர் பேரு?”

“டெல்ஃபின்.”

வேறு பெயர் சொல்லியிருக்கலாம். அவனுடைய சொந்தப் பெயரையே சொன்னாள். அப்படிச் சொன்னதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. பின்னாளில் நினைத்து நினைத்து அவள் கூசியதெல்லாம் அந்தத் திருப்தியை நினைத்துத்தான்.

ஒரு பொய் சொன்னால் அதைத் தாங்க இன்னும் பத்து வேண்டும். அம்மா வெகுநாள் காத்திருந்தாள் என்றாள். சோறு இறங்காமல், தூக்கம் வராமல், வாசலில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டு. பிறகு ஒருநாள் அம்மாவே முடிவெடுத்தாள். உடல் இல்லாமலே ஒன்பது நாள் ஜெபம் வைத்தாள். ஒன்பதாம் நாள் அண்ணனுக்குப் படையல் தட்டு வைத்தாள். மறுநாள் விடிந்ததும் கடலுக்குப் போய், வைக்கோல் எரித்த சாம்பல் நீரால் தலை கழுவினாள், அடக்கம் முடிந்தவர்கள் செய்வதைப்போலவே.

“அன்னிக்குத்தான் மனாங், அம்மா முதல்முதலாத் தூங்கினாங்க” என்று முடித்தாள். சொல்லும்போது அவளுக்கே கண் நிறைந்தது. தன் பொய்க்குத் தானே அழுகிறவளைவிட ஆபத்தானவள் உலகத்தில் கிடையாது.

நெனிதா பூண்டுச் சரத்தைக் கீழே வைத்தாள். மேலாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மரிவிக்கின் கையைப் பிடித்தாள். பிறகு பேசினாள். அவள் கணவன் ரொஜெலியோ போனதிலிருந்து யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். “மேம்” போய் “அடிங்” வந்தது. அடிங் என்றால் தங்கச்சி.

“பக்கத்து ஊர்க் கரையில ஒரு பொணம் ஒதுங்குச்சுன்னாங்க அடிங். செருப்புகூடப் போடாம ஓடினேன். வழி பூரா என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? கர்த்தரே, அது அவரா இருக்கணும்னு. அவரா இருந்துட்டா முடிஞ்சுதேன்னு. போய்ப் பாத்தா யாரோ. எனக்கு என்ன கோவம் வந்துச்சுங்கற! செத்துக் கிடக்கறவன் மேல கோவம். நீ ஏண்டா அவர் இல்லைன்னு, கால்ல எட்டி உதைக்கலாம் போல இருந்துச்சு. எந்தப் பொண்டாட்டியாவது இப்படி வேண்டிக்குவாளா? இதை எங்க மாமியார்கிட்டச் சொல்ல முடியுமா? பாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்ல முடியுமா?”

பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மரிவிக் அவள் கையை விடாமல், ஓரக்கண்ணால் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பேட்டியின் ஓரத்தில் சிவப்பு மை விழவில்லை. டாக்டர் கிரேசியா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதான்! இதுக்குத்தான் இத்தனை நாள் அலைஞ்சேன்” என்றார். “எப்படி வாங்கினே?”

“நம்பிக்கையை வளர்த்துக்கிட்டேன் டாக்டர்.”

ஒப்பந்தம் நீண்டது. ஒரு கூட்டத்தில் நெனிதாவின் வார்த்தைகளைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டார்கள், பெயர் இல்லாமல். நீ ஏண்டா அவர் இல்லை. மணிலாவிலிருந்து வந்த அம்மணிகள் கைக்குட்டையைத் தேடினார்கள். அப்புறம் கைதட்டல். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு மரிவிக்கையே பாடம் எடுக்கச் சொன்னார்கள். உங்களைப் பற்றியும் கொஞ்சம் கொடுங்கள் என்று அவள் பாடம் எடுத்தாள். முன்வரிசையில் ஒருத்தி, “கொடுக்க ஒண்ணுமே இல்லன்னா மேம்?” என்று கேட்டபோது, மரிவிக் தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால், ஆயிரம் பொய்யில் ஒன்று என்று அவளும் காலப்போக்கில் மறந்திருப்பாள். மழைக்காலம் முடியும் சமயம் நெனிதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

‘அடிங், ரொஜெலியோவுக்கு ஜெபம் ஆரம்பிச்சுட்டோம். உங்க அம்மா செஞ்ச மாதிரியே. ஞாயித்துக்கிழமை ஒன்பதாம் நாள். நீ வரணும். முடிஞ்சா அம்மாவையும் கூட்டிட்டு வா. எங்க நானாங், அவரைப் பெத்தவங்க, மட்டும்தான் ஒத்துக்கல. உங்க அம்மா பேசினா கேப்பாங்க.’

மரிவிக் அலுவலகக் கழிப்பறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அதை மறுபடி மறுபடி படித்தாள். ஒரு பெண் தன் புருஷன் செத்துவிட்டான் என்று ஊரறிய முடிவெடுத்திருக்கிறாள். எதை நம்பி? பத்தாக் சந்தையில் கத்திரிக்காய் விற்கும் அம்மா, நடக்காத சாவுக்காக அழாத அழுகையை நம்பி. நெனிதாவின் கதையை வாங்க நானும் ஒரு கதையைக் கொடுத்தேன் என்று இதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். கொடுத்தது கதையல்ல, வழி. அந்த வழியில் நெனிதா நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

போகாமல் இருந்துவிடலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். உண்மையை எழுதி அனுப்பிவிடலாம். உண்மையை எழுத விரல் வரவில்லை. ‘அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் வரேன்’ என்று அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அதுவும் பொய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜீப்னியில் வந்து, சாலை முனையில் டிரைசிக்கிள் பிடித்துச் சபாங்கனில் இறங்கியபோது, நெனிதாவின் வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஆண்கள் பன்றி இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பெரிய வாணலியில் பசையரிசியைத் தேங்காய்ப்பாலில் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

நெனிதா ஓடிவந்தாள். மரிவிக் ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் நின்றாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மறைந்திருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

“நான் தூங்கறேன் அடிங்!” என்றாள் காதருகே, யாருக்கும் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோல. “ஜெபம் ஆரம்பிச்ச அன்னிக்கே தூக்கம் வந்துடுச்சு. செத்தவ மாதிரி தூங்கறேன்னு பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்றா. இன்னிக்குத் தட்டு வச்சு, நாளைக்குக் காலையில கடல்ல தலை கழுவிட்டா முடிஞ்சுது. நீ மட்டும் வரலைன்னா நான் இன்னும் பூண்டைக் கட்டிக்கிட்டு ‘பழகிப்போச்சு, பழகிப்போச்சு’ன்னு உக்காந்திருப்பேன்.”

மரிவிக் சிரித்தாள். வேறென்ன செய்வது? இப்போது சொல்லக்கூடாது என்று நினைத்தாள். அவள் தூங்குகிறாளே. மருந்து எதுவாக இருந்தால் என்ன, நோய் தீர்ந்தால் சரி. நல்ல சமாதானம்தான். கோழைகளுக்கு எப்போதுமே நல்ல சமாதானம் கிடைத்துவிடும்.

ஜெபம் ஆரம்பித்தது. மாதா படத்துக்கு முன்னால் ரொஜெலியோவின் போட்டோ. கையில் பெரிய சூரை மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான். ஜெபம் சொல்லிக்கொடுக்கும் அம்மாள், “ரொஜெலியோவின் ஆன்மாவுக்காக” என்றாள். எல்லாரும் பதில் சொன்னார்கள். அடுத்து, “டெல்ஃபினின் ஆன்மாவுக்காக” என்றாள்.

எல்லாரும் பதில் சொன்னார்கள்.

மரிவிக் நிமிர்ந்தாள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த நெனிதா அவள் கையை அழுத்தினாள். “முதல் நாள்லேருந்தே சேர்த்துத்தான் சொல்றோம்” என்று கிசுகிசுத்தாள். “நாங்க வேற, நீங்க வேறயா?”

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும், பல் போன கிழவர்கள் உட்பட, ஒன்பது நாளாக, துபாயில் ஏணி மேல் நின்று ஏசி மாட்டிக்கொண்டிருப்பவனுடைய ஆன்மா சாந்தியடைய முட்டி வலிக்க மண்டியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அவன் பெயர் வந்தபோதும் மரிவிக்கின் உதடும் அசைந்தது. அசையாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவள் பார்ப்பாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று கதைகளில் சொல்வார்கள். சிமெண்ட் தரை அப்படியெல்லாம் பிளக்கவில்லை.

ஜெபம் முடிந்ததும் நெனிதா வந்து, “நானாங் அடுப்படியில இருக்காங்க. உன்கிட்ட மட்டும் பேசணுமாம். போ அடிங்” என்றாள். “இந்தக் கரை வழக்கம், பெத்தவ உயிரோட இருந்தா மகனுக்கு முதல் தட்டை அவதான் வைக்கணும். நீ சொன்னா வைப்பாங்க.”

ரொஜெலியோவின் தாய் போலோன் கிழவி இல்லை. கட்டுமஸ்தான உடம்பு, நரைத்த கொண்டை, மீன் கூடை தூக்கித் தூக்கி அகன்ற தோள். படையல் தட்டு அவள் முன்னால் தயாராக இருந்தது: பசையரிசிச் சோறு, அவித்த முட்டை, வெற்றிலை பாக்கு, ஒரு சிறு கிண்ணத்தில் கரும்பு மது. அவள் தட்டைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள். சண்டைக்குத் தயாராக வந்த மரிவிக்கைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“உங்க அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது மகளே?” என்று கேட்டாள்.

“என்ன தெரிஞ்சுது, நானாங்?”

“பையன் இல்லன்னு. இனிமே வரமாட்டான்னு.”

“அது… கொஞ்சம் கொஞ்சமா.”

“கொஞ்சம் கொஞ்சமான்னா?”

கடைசி வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லு. அவளே பாடம் நடத்தியது. அந்த உத்தி தன் மேலேயே திரும்பியதுபோல இருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு உத்தி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கேட்டாள்.

“நாளாக நாளா நம்பிக்கை குறைஞ்சுது” என்றாள் மரிவிக்.

“எனக்குக் குறையலையே. அதான் கேக்கறேன். எனக்கு என்ன கோளாறுன்னு தெரியல. தட்டை வைக்கும்போது உங்க அம்மாவுக்குக் கை நடுங்குச்சா?”

“நடுங்குச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம்… வச்சாங்க.”

“என்ன வச்சாங்க? உங்க அண்ணனுக்குப் புடிச்சது எது?”

“எம்பனாடா. முட்டை ரெண்டு போட்டு, நல்லா மொறுமொறுன்னு” என்றாள் மரிவிக். அதுவரை சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. டெல்ஃபின் எண்ணெய் வழியும் விரலோடு பத்தாக் சந்தையில் நின்று தின்பது அப்படியே கண் முன்னால் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போலோனின் பார்வை மரிவிக்கின் மேலேயே இருந்தது. வெளியே யாரோ இறைச்சி வெந்துவிட்டதா என்று கேட்டார்கள். யாரோ வெந்துவிட்டது என்றார்கள்.

“நான் சண்டை போடறேன்னு மருமக சொல்லியிருப்பா” என்றாள் கடைசியில், மெதுவாக. “சண்டையெல்லாம் இல்ல மகளே. அவ தூங்கறா. நான் பாக்கறேனே. அந்தப் பொண்ணு தூங்கட்டும். தட்டை நான் வைக்கறேன். எப்படி வைக்கறதுன்னுதான் தெரியல. கை போக மாட்டேங்குது. உங்க அம்மாவும் பெத்தவதானே. அவ மனசுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டு வச்சா? அதை மட்டும் சொல்லு. நானும் அதையே சொல்லி வச்சுடறேன்.”

இங்கே ஒரு நல்ல வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். போயிட்டு வா மகனே என்றாள் என்று சொன்னால் போதும். மரிவிக்குக்கு இதெல்லாம் கைவந்த கலை. வாயைத் திறந்தாள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கைகழுவுவதற்குச் சொல்ல வேண்டிய வார்த்தையை, தான் இட்டுக்கட்டிக் கொடுப்பதா? வரவில்லை. முதல்முறையாகப் பொய் வரவில்லை.

“எங்க அம்மா வைக்கல, நானாங்” என்றாள். “எங்க அண்ணன் சாகல. துபாய்ல ஏணி மேல நின்னு ஏசி மாட்டிக்கிட்டு இருக்கார். நான் பொய் சொன்னேன். மனாங் பேசணுங்கறதுக்காகப் பொய் சொன்னேன்.”

சொன்ன பிறகு அடிக்காகக் காத்திருந்தாள். அடிதான் வேண்டியிருந்தது. கன்னத்தில் ஒன்று விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

போலோன் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். “உயிரோட இருக்கானா?”

“இருக்கார்.”

“செத்துட்டான்னு எல்லாரும் ஜெபம் பண்ணினோமே, அவன் இருக்கானா?”

“இருக்கார் நானாங். என்னை மன்னிச்சு…”

அந்த அம்மாளின் முகத்தில் கோபம் வரவில்லை. வெளிச்சம் வந்தது. மரிவிக் எத்தனையோ பேரின் முகத்தை எத்தனையோ கேள்விக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

“நெனிதா!” போலோன் எழுந்து தார்ப்பாய்க்கு ஓடினாள். “கேட்டியா? இந்தப் பொண்ணோட அண்ணன் உயிரோட இருக்கானாம்! நாம ஒன்பது நாளா ஜெபம் பண்ணினோமே, அந்த டெல்ஃபின்! ஏசி மாட்டிக்கிட்டு இருக்கானாம்! நான் சொல்லல? பொணத்தைக் கண்ணால பாக்காம யாரையும் அனுப்பக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? இது அடையாளம்! என் பிள்ளை எங்கேயோ இருக்கான்!”

“நானாங், அப்படி இல்ல, நான் சொன்னது…” மரிவிக் பின்னாலேயே ஓடினாள். யார் கேட்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அது இறங்கி நெனிதாவின் தலையில் ஏறியது.

போலோன் மாதா படத்துக்கு முன்னாலிருந்து மகனின் போட்டோவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஜெபம் சொன்ன அம்மாள் வாயைப் பிளந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும், “அப்போ இறைச்சியைப் பரிமாறலாமா, வேண்டாமா?” என்று கேட்டார். யாரோ அவரை அதட்டினார்கள். போலோன், “பரிமாறுங்க! வயிறாரச் சாப்பிடுங்க! நல்ல செய்தி வந்திருக்கு!” என்றாள்.

நெனிதா கூட்டத்தில் இல்லை. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அப்போ உங்க அம்மா…” என்றாள்.

“மனாங், நான் செஞ்சது…”

“இல்ல, இதைச் சொல்லுங்க மேம். உங்க அம்மா தலை கழுவல?”

“இல்ல.”

“தூங்கலையா?”

“எங்க அம்மாவுக்குத் தூக்கம் போனதே இல்ல, மனாங்.”

நெனிதா தலையாட்டினாள். “நீங்க எத்தனையோ பேர்கிட்டப் பேசியிருக்கீங்க. என்னை மாதிரிப் பொண்ணுங்ககிட்ட. அவங்கள்ல யாராவது ஒருத்தியாவது இப்படிச் செஞ்சு, அப்புறம் தூங்கியிருக்காளா?”

மரிவிக் தேடினாள். உண்மையாகவே தேடினாள், ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு முகமாக. இருந்தால் இந்த ஒருத்திக்குக் கொடுத்துவிடலாம். ஒருத்திகூட இல்லை. யாரும் முடித்திருக்கவில்லை. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல மனாங்.”

“சரி.”

திட்டு வரும் என்று மரிவிக் நின்றாள். வெளியே தட்டுகள் ஓசைப்பட்டன. போலோன் யாரிடமோ உரக்கச் சிரித்தாள். நெனிதா கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டவளாக மரிவிக்கின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது.

“உங்க அண்ணனுக்குப் போன் பண்ணுங்க.”

“என்ன?”

“உயிரோட இருக்கறவருக்கு ஒன்பது நாள் செத்தவங்க ஜெபம் சொல்லியிருக்கோம். நான்தான் பேர் கொடுத்தேன். நான்தான் எல்லாரையும் சொல்ல வச்சேன். அவருக்கு ஏதாவது ஆயிட்டா? ஏணி மேல நிக்கறவரு. பண்ணுங்க மேம், இப்பவே. நல்லா இருக்காரான்னு கேளுங்க. அதைக் கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்.”

மரிவிக்குக்கு அழுகை அப்போதுதான் வந்தது. ஏமாற்றப்பட்டவள், ஏமாற்றியவளின் அண்ணனுக்காகப் பதறுகிறாள். இதற்கு அந்தக் கன்னத்து அறை எவ்வளவோ மேல். எண்ணைத் தேடினாள். மாதக்கணக்காகத் தொடாத எண். மணி அடித்தது. நெனிதா அவள் கையை விடவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நெனிதாவின் உதடு முணுமுணுத்தது, இந்த முறை உயிரோடிருப்பவர்களுக்கான ஜெபம்.

“ஹலோ?” வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும் குரல். டெல்ஃபின்தான். “யாரு, மரிவிக்கா? என்னடி அதிசயம்? என் நம்பர் இன்னும் வச்சிருக்கியா?”

மரிவிக்கின் விசும்பல்தான் போனது.

“ஏய், என்ன? ஏன் அழறே?” குரல் மாறியது. மெல்லுவது நின்றது. “அம்மாவுக்கு என்ன? அப்பாவுக்கா? சொல்லித் தொலையேன். யாராவது செத்துட்டாங்களா?”

நெனிதா போனை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தார்ப்பாய்க்குக் கீழே மகனின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையால் இறைச்சி பரிமாறிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்தாள்.

“இல்ல மனோங்” என்றாள், சொந்த அண்ணனை அழைப்பதுபோல. “இங்க யாரும் சாகல.”